ஐந்தாவது கோப்பை

சம்பந்தி தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு நான் கையிலிருந்த அகப்பையைக் குழம்புக்குள்ளேயே விட்டுவிட்டேன். நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முதல் நாள் எங்கள் வீட்டுக்கு வருகிறாராம். வருவது பெரிய விஷயமில்லை. வந்து, அன்றைய பெருநாள் சாப்பாடு முழுவதையும் என் குசினியில் தானே சமைக்கப்போகிறாராம். அயர்லாந்துச் சாப்பாடு. அதுவும் என் கணவரின் இருதயத்துக்குக் கெடுதல் செய்யாத அயர்லாந்துச் சாப்பாடு.

எனக்குத் தெரிந்த மரியாதை ஒன்றுதான். சம்பந்தி வீட்டார் வந்தால் நாங்கள் சமைத்துப் போட வேண்டும். போதும் போதும் என்று அவர்கள் கையை நீட்டி மறைக்க மறைக்க இன்னும் ஒரு கரண்டி வைக்க வேண்டும். எழும்பி நடக்க முடியாமல் அவர்கள் கதிரையைப் பிடித்தால்தான் நமக்கு நிம்மதி. அப்படிப்பட்ட மனிசியை என் அடுப்படியில் நிற்கவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதா? ரொறொன்ரோவில், மல்வேர்னில் எங்கள் வரிசையில் பாதிக்கு மேல் தமிழ் வீடுகள். ஒரு வீட்டுக் கதை மற்ற வீட்டுக்குப் போக ஒரு பஸ் வரும் நேரம்கூடத் தேவையில்லை.

உடனே மகளுக்குப் போன் அடித்தேன்.

"என்ன உன்ரை மாமி எங்கடை வீட்டை வந்து சமைக்கப் போறாவாம்?"

"ஓம் அம்மா. அப்பா சாப்பிடுறேல்லை எண்டு நான்தான் சொன்னனான். ஷி வோன்ட்ஸ் டு ஹெல்ப். ப்ளீஸ், வேண்டாமெண்டு சொல்லாதேங்கோ."

அவள் குரல் உடைந்தது. நான் போனை வைத்தேன்.

என் மகள் கட்டியிருப்பது இந்த அயர்லாந்துக்காரியின் மகனை. சம்பந்தி இளவயதில் அங்கிருந்து ரொறொன்ரோவுக்கு வந்து இங்கேயே வயதானவர். கணவர் இறந்து சில வருடங்களாகின்றன. நல்ல மனிசி, கொஞ்சம் பிடிவாதம். என்னிடமும் அது இல்லையென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மகள் சொன்னது உண்மைதான். இலையுதிர் காலம் தொடங்கியபோது என் கணவருக்கு நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள். காயம் நன்றாக ஆறிவிட்டது, படி ஏறி இறங்கலாம், மேசையில் இருந்து எல்லாரோடும் சாப்பிடலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். இவர்தான் கேட்கவில்லை. மேல்மாடி அறைக்குள் போய்க் கட்டிலில் சாய்ந்தவர், இறங்கி வரவே மாட்டேன் என்று இருந்துவிட்டார். சாப்பாட்டை நான் தட்டத்தில் வைத்து மேலே கொண்டுபோவேன். இரண்டு வாய் தின்றுவிட்டு மிச்சத்தைத் தள்ளிவிடுவார்.

சாப்பாட்டைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் பிள்ளை எனக்கு விளக்கினாள். நான் ஒன்றைச் செய்தால் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. உப்பைக் குறையுங்கோ என்றாள், உப்புப் போத்தலைத் தூக்கி அலுமாரியின் உச்சியில் வைத்தேன். எண்ணெயைக் குறையுங்கோ என்றாள், தாளிப்பதையே விட்டேன். தேங்காய்ப்பூ இல்லை, பொரியல் இல்லை, கறித்தூள் இல்லை. அவித்த மரக்கறி, அவித்த கோழி, அவித்த பருப்பு. வீட்டுக்குள் ஒரு வாசம் இல்லாமல் போயிற்று.

"உது பத்தியம்," என்பார் அவர் தட்டைப் பார்த்துவிட்டு. பத்தியம் என்றால் எங்களில் வருத்தக்காரருக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கொடுக்கிற சாப்பாடு. "நான் இன்னும் வருத்தக்காரன்தான் எண்டு நீரே சொல்லுறீர்."

காற்சட்டைகள் ஒன்றும் இடுப்பில் நிற்காமல் சாரத்துக்கு மாறினார். சாரத்தையும் ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். இப்படியே மெலிந்துகொண்டு போனால் திரும்பவும் ஆஸ்பத்திரியில் போட வேண்டி வரும் என்று டொக்டர் கடைசியாகச் சொன்னார். நெஞ்சு வெட்டித் தப்பிய மனிசன் பட்டினியால் போய்விடுவாரோ என்ற பயம் அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நடந்துவிடும் போல இருந்தது.

அந்த நாள் வந்தது. பின்னேரம் பனி கொட்டிக்கொண்டிருக்க, இரண்டு பெரிய பைகளோடு சம்பந்தி வந்து இறங்கினார். மகளும் மருமகனும் பின்னால். சப்பாத்தைக் கழற்றி, பையிலிருந்து வீட்டுக்குள் போடும் கம்பளிக் காலுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு நேரே குசினிக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். உதவி செய்ய இல்லை, காவல் காக்க.

முதலில் லீக்ஸை நறுக்கினார். லீக்ஸ் எனக்குத் தெரியாததா, கிழங்கோடு சேர்த்துப் பிரட்டினால் அதன் ருசியே தனி என்று மனதுக்குள் நினைத்தேன். அவரோ அதைச் சட்டியில் போட்டுத் தண்ணீரையும் கொஞ்சம் பாலையும் விட்டு, அதற்குள் ஓட்ஸைக் கொட்டிக் கிண்டத் தொடங்கினார். நான் எட்டிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. கஞ்சி!

"இது என்ன?" என்று தொழிற்சாலை வேலையில் பொறுக்கிய என் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"சூப். என் அம்மாவின் அம்மா காலத்திலிருந்து இருக்கிறது," என்றார் பெருமையாக. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன்.

பெருநாளுக்குக் கஞ்சி காய்ச்சுகிற ஒரு சனத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தத் திகைப்பு ஆறும் முன்பே அடுத்தது வந்தது. அகன்ற சட்டியில் மீன் துண்டுகளை அடுக்கி, வெங்காயமும் ஓர் இலையும் போட்டு, மீன் மூடுமளவுக்குப் பாலை ஊற்றினார். பசுப்பால். மீனும் பாலும் ஒரு வயிற்றுக்குள் போனால் தோலில் வெள்ளை விழும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த குடும்பத்தில் பிறந்தவள் நான். தேங்காய்ப்பாலில் மீன் கொதிக்கிறதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பேன், அது வேறு கதை.

"அம்மா, முகத்தை அப்பிடி வைக்காதேங்கோ," என்று மகள் காதுக்குள் சொன்னாள்.

"மீனுக்குப் பால் விடுறா!"

"இட்ஸ் ஃபைன். நான் எத்தினை தரம் சாப்பிட்டனான்."

இது எனக்கு அடுத்த அடி. அவளுடைய கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு வெள்ளையும் இல்லை.

சம்பந்தி தன் பாட்டுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டில் நத்தாருக்கு முதல் நாள் இறைச்சி தொடமாட்டார்களாம். விரதமாம். உப்பிட்டுக் காயவைத்த மீனை ஊறப்போட்டு, பாலில் அவித்து, கிழங்கோடு சாப்பிடுவார்களாம். என் கணவருக்கு உப்புக் கூடாது என்பதால் பச்சை மீன் வாங்கி வந்தாராம். நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். வெள்ளைக்காரருக்கும் விரதமா? கருவாடு வேறா? கருவாடு பொரிக்கிற நாளில் வாசம் வெளியே போய் யாரும் முறைப்பாடு செய்துவிடுவார்களோ என்று கொட்டுகிற பனியிலும் பின்கதவைத் திறந்துவைத்துப் பயந்துகொண்டு பொரிக்கிறவள் நான். அந்தப் பயத்தோடு போன வருடங்களை நினைக்க எனக்கு ஆத்திரமே வந்தது.

மோரை ஊற்றி மாவைப் பிசைந்து, ஈஸ்ட் போடாமல் தவிட்டு நிறத்தில் ஒரு பாண் சுட்டார். சீனி கொஞ்சமாகப் போட்டு அப்பிள் அவித்தார். எல்லாவற்றிலும் நான் ஒரு மிளகாயைத் தேடினேன். மிளகுகூட மருந்துக்குத்தான். என் மனிசன் இதைத் திரும்பியும் பார்க்கமாட்டார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவித்ததை நான் கொடுத்தால் பத்தியம், வெள்ளைக்காரி கொடுத்தால் விருந்தா?

கிழங்கைத் தோலோடு அவித்து, சூடாகவே நானும் அவரும் எதிரெதிரே இருந்து உரித்தோம். அப்போதுதான் அவர் கேட்டார், ஒரு மெழுகுதிரியை யன்னலில் கொளுத்தி வைக்கலாமா என்று. வைக்கலாம், கார்த்திகையில் நாங்களும் வாசலில் விளக்கு வைக்கிறதுதான் என்றேன். அவருக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம். மேசையில் ஒரு தட்டையும் கூடுதலாக வைக்கலாமா என்று கேட்டார்.

"ஆருக்கு?"

"இங்கே இல்லாத ஒருவருக்கு," என்றார். "ஒவ்வொரு வருடமும் வைப்போம். கதவையும் பூட்டாமல் விடுவோம்."

அவர் சொன்னது ஆங்கிலத்தில். அது என் காதுக்குள் போய்த் தமிழாகும்போது 'இல்லாதவருக்கு' என்று ஆகிவிட்டது. எங்களில் ஒருவர் இல்லை என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். இல்லாதவருக்கு விளக்குக் கொளுத்தி, சமைத்ததையெல்லாம் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். நாங்கள் சாத்துகிறோம், இவர்கள் திறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்தேன். இறந்துபோன கணவருக்குத்தான் படைக்கப் பார்க்கிறார். பாவம்தான். ஆனால் மேலே ஒரு மனிசன் இழுத்துக்கொண்டு கிடக்கிற வீட்டில், கீழே செத்தவருக்குப் படையலா?

"வேண்டாம்," என்றேன். கிழங்கு என் கையிலேயே நசுங்கிவிட்டது. "இந்த வீட்டில் வேண்டாம். மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "சரி, உங்கள் வீடு," என்று தலையை ஆட்டினார். "உங்கள் கணவர் இறங்கி வருவாரா?"

"வரமாட்டார். அவருக்கு மேலேதான்."

அவர் அடுத்த கிழங்கை எடுத்தார்.

கடைசியாக, கொல்கனன். அதுதான் அவர்களுடைய பெருநாள் கிழங்காம். கேல் கீரையை அவித்துக் கிழங்கோடு மசித்துச் சேர்ப்பது. கேல் என்றால் எங்கள் ஆட்களுக்கு வறைதான். தூளாக அரிந்து, தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு இந்த ஊரில் வறுக்காத தமிழ் வீடு இல்லை. அவர் அதைக் குழைத்துப் பெரிய பாத்திரத்தில் குவித்து, நடுவில் கரண்டியால் ஒரு குழி செய்தார். அந்தக் குழிக்குள் உருக்கிய பட்டர் நிற்க வேண்டுமாம். என் கணவருக்காகப் பட்டரைத் தவிர்த்து, ஒரு கரண்டி ஒலிவ் எண்ணெயை அளந்து வைத்திருந்தார். அதைப் பச்சையாகக் குழிக்குள் ஊற்றக் கையை உயர்த்தினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு நேரமும் அடக்கி வைத்தது எல்லாம் அந்தக் குழியைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டது.

"கொண்டாங்கோ இஞ்சை," என்று தமிழிலேயே சொல்லி அந்த எண்ணெயை அவர் கையிலிருந்து வாங்கினேன். தாச்சியை வைத்தேன். அதே எண்ணெய்தான், அதற்கு மேல் ஒரு துளியும் விடவில்லை. கடுகு, பெருஞ்சீரகம், இரண்டு செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உறைபெட்டியில் கிடந்த கறிவேப்பிலை. சடசடவென்று வெடித்து வாசம் எழும்பியது. சம்பந்தி தும்மினார், மருமகன் இருமினான், மகள் சிரித்தாள். எத்தனையோ கிழமைக்குப் பிறகு என் குசினி குசினியாக இருந்தது. தாளிதத்தைக் குழிக்குள் கொட்டிவிட்டு, சாமிக்கு முன் நிற்பது போல நான் ஒரு கணம் அப்படியே நின்றேன்.

இதற்கிடையில் மேசை போட மகளிடம் சொல்லியிருந்தேன். "நாலு கோப்பை வை," என்று. சாப்பாட்டுத் தட்டைத்தான் யாழ்ப்பாணத்தில் நாங்கள் கோப்பை என்போம். நான், மகள், மருமகன், சம்பந்தி. நாலு.

கொல்கனனைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தவள் நடுவழியில் நின்றுவிட்டேன். மேசையில் ஐந்து கோப்பைகள் இருந்தன.

ஐந்தாவது என் கணவரின் இடத்தில். யன்னல் பக்கத்துக் கதிரை. அவர் மாடிக்குப் போனபிறகு அதில் நான் மருந்துப் பைகளையும் விளம்பரத் தாள்களையும் குவித்து வைத்திருந்தேன். அதெல்லாம் ஒதுக்கப்பட்டு, கதிரை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. கோப்பையில் ஒரு துண்டுப் பாண். பின்னால் யன்னலில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. விளக்கு, படையல், ஆளில்லாத கதிரை. வேண்டாம் என்று சொன்னேன், சரியென்று தலையை ஆட்டினார், ஆட்டிவிட்டு எனக்குத் தெரியாமல் வைத்துவிட்டார். அதுவும் எந்தக் கதிரையில்!

கொல்கனனை மேசையில் டக்கென்று வைத்தேன். ஆங்கிலம் எல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது.

"செத்த மனிசருக்கு இந்த வீட்டிலை கோப்பை வைக்கேலாது எண்டு சொன்னனானெல்லோ! அதுவும் அவரின்ரை கதிரையிலையோ? உங்களுக்கு ஒரு அறிவு வேண்டாமோ?"

சம்பந்திக்கு ஒரு சொல் விளங்கவில்லை. என் முகம் விளங்கியிருக்கும். மருமகன் தன் காலைப் பார்த்தான். மகள் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டி அந்தக் கோப்பையை எடுத்தேன். பாண் வழுக்கி மேசையில் விழுந்தது. குசினிக்குக் கொண்டுபோகத் திரும்பினேன்.

"என்ரை கோப்பையை எங்கை கொண்டு போறீர்?"

படியிலிருந்து வந்தது குரல். கடைசிப் படிக்கு முன் படியில் என் கணவர் நின்றார். ஒரு கை கைபிடியில், மற்றக் கை சாரத்தில். சுவெற்றரைப் பின்முன்னாகப் போட்டிருந்தார். மூச்சு வாங்கியது.

கோப்பை என் இரண்டு கையிலும் இருந்தது. இந்த மனிசன் செத்துவிடக் கூடாது என்று இரவும் பகலும் நேர்ந்துகொண்டவள் நான். அவருடைய கோப்பையை, அவருடைய கதிரைக்கு முன்னாலிருந்து, செத்தவருடையது என்று சொல்லி எடுத்தவளும் நான். நாலு என்று எண்ணியது யார்? இந்த வீட்டில் அவரை உயிரோடு இருக்கிறவர்களில் எண்ணாமல் விட்டது நான் ஒருத்திதான்.

"என்ன தாளிச்சனீர்?" என்றார் அவர், ஒன்றும் தெரியாமல். "மேலை வரைக்கும் மணக்குது."

சம்பந்திதான் எழும்பி வந்து, என் கையிலிருந்து கோப்பையை மெல்ல வாங்கி, அது இருந்த இடத்திலேயே வைத்தார். விழுந்த பாணையும் எடுத்து அதில் வைத்தார். மருமகன் ஓடிப்போய் மாமனாரின் கையைப் பிடித்தான். அவர் வேண்டாமென்று தட்டிவிட்டுத் தானாக நடந்து வந்து தன் கதிரையில் இருந்தார்.

முதலில் சூப்பைக் கரண்டியால் கிண்டிப் பார்த்தார்.

"உது கஞ்சியெல்லோ," என்றார். இன்னொரு வாய் எடுத்தார். "பரவாயில்லை, நல்ல கஞ்சி."

மீனைக் காட்டி, "இதென்ன வெள்ளைக் குழம்பு?" என்றார்.

"தேங்காய்ப்பால் எண்டு நினைச்சுச் சாப்பிடுங்கோ," என்றேன்.

கொல்கனனுக்கு வந்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். கையால் கிழங்கைப் பிசைந்து, குழிக்குள் இருந்த தாளிதத்தில் தோய்த்து வாயில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாய் எடுத்தார். சொல்லாமல் சாப்பிடுவதுதான் அவருடைய பாராட்டு, நான் அதை மறந்தே போயிருந்தேன்.

மகள் நான் கத்தியதைச் சம்பந்திக்கு இரகசியமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் சொல்லியிருக்கமாட்டாள். அப்படியும் சம்பந்தியின் முகம் சிவந்தது. அவர் என் பக்கம் குனிந்தார்.

"நான் கேட்டது செத்தவருக்கு இல்லை," என்றார். "இந்த இரவில் இருக்க இடமில்லாமல் வழியில் யாராவது வரக்கூடும், அவர்களுக்கு. நீங்கள் வேண்டாமென்றீர்கள், அந்தத் தட்டை நான் வைக்கவில்லை. இது உங்கள் கணவருக்கு நான் வைத்த தட்டு."

"அவர் வரமாட்டார் என்று சொன்னேனே," என்றேன்.

"ஓம்," என்றார். எங்களிடமிருந்து அவர் பிடித்துக்கொண்ட ஒரே தமிழ்ச் சொல் அது. பிறகு ஆங்கிலத்தில், "வரமாட்டார் என்றுதான் சொன்னீர்கள். இல்லை என்று சொல்லவில்லையே."

எனக்குக் கண் முழுக்க நிறைந்து, எதிரே இருந்த மெழுகுதிரி இரண்டாகத் தெரிந்தது. மற்றவர்கள் பார்க்கக் கூடாதென்று குனிந்து பால் மீனை எடுத்து வாயில் வைத்தேன். வெள்ளை விழுந்தால் விழட்டும்.

அப்போது மேசைக்கு மேலால் ஒரு கை வந்தது. மெலிந்த கை, மணிக்கட்டெலும்பு தெரிகிற கை. நான் தூக்கிக்கொண்டுபோகப் பார்த்த அதே கோப்பையை அவர் வழித்துத் துடைத்துவிட்டு என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கிடக்கோ?" என்றார்.